மலைப்பாட்டும் கைப்பேசியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றைக் கடந்து ஊரை அடைந்து, அங்கிருந்து மேலும் சில கல் தொலைவு சென்றால் சேர்வராயன் கோயிலைக் காணலாம். வானளாவும் கோபுரமும் நெடிய மதிலும் அங்கே இல்லை. மலையுச்சியில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், தலை குனிந்து உட்புக வேண்டிய ஒரு குகையே கோயில். அக்குகையினுள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைக் கிராமத்து மக்கள் அங்குக் கூடி விழா எடுக்கின்றனர். இம்மக்களை 'மலையாளிகள்' என்று வழங்குவது மரபு. பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துவிட வேண்டா. மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

சில ஆண்டுகளுக்கு முன்பு அம்மலைக் கிராமங்களுள் ஒன்றில், விழா இரவில், முதியவர் ஒருவர் கதைப்பாட்டுப் பாடக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர் கையில் ஏடும் இல்லை, தாளும் இல்லை. ஏறத்தாழ 2 மணி நேரம் இடையறாது பாடினார். பக்கத்தில் ஒருவர் மேளம் கொட்டினார். "முழுப்பாட்டும் அறிந்தவர் இவ்வூரில் இப்போது இவர் ஒருவர்தாம்" என்று அருகிலிருந்தவர் சொன்னார். இளைஞர்களுட் பலர் வேலை தேடிச் சமவெளிக்குச் சென்றுவிட்டனராம். ஊரில் இருப்பவர்களுக்கோ திரும்பத் திரும்ப வரும் சில அடிகளே நினைவில் உள்ளனவாம். இதைக் கேட்டதும் என் கைப்பேசியை எடுத்து மேடைக்கு எதிரே ஒரு கல்லின்மேல் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். மிகப் பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

சேலம் திரும்பிப் போட்டுக் கேட்டபோது என்ன கிடைத்தது? மலைக்காற்றின் இரைச்சல் கிடைத்தது. ஜெனரேட்டரின் முழக்கம் கிடைத்தது. ஒரு குழந்தையின் அழுகையும், தேநீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்டதும் மிகத் தெளிவாகப் பதிந்திருந்தன. பெரியவரின் குரலோ, புனல் ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டு எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி, இரண்டு மூன்றாகச் சிதறிக் கேட்டது. பாடுகிறார் என்று தெரிந்தது. என்ன பாடுகிறார் என்று தெரியவில்லை.

மாணவ நண்பர்களே, இதில் கைப்பேசியின் குற்றம் ஏதும் இல்லை. பாடுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரற்கடைதான் தொலைவு. அங்கே குரல் தூய்மையாக நுழைகிறது. நுழைந்தவுடன் மின்சாரமாக மாறுகிறது. அம்மின்சாரம் கம்பி வழியே ஓடி, பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியை அடைந்து மீண்டும் காற்றதிர்வாகிறது. அதன்பிறகே காற்றும் கூட்டமும் எதிரொலியும் அதனோடு கலக்கின்றன. நான் செய்தது, ஊற்று நீரைச் சுனையில் மொள்ளாமல், ஊரெல்லாம் புழங்கிவிட்டு வரும் ஓடையில் மொண்டதற்கு ஒப்பாகும். மின்சாரமாக இருக்கும்போதே அதனை எடுத்துக் கைப்பேசிக்குள் செலுத்திவிட்டால் என்ன? இயலும். ஆயினும் வழியில் சில கண்ணிகள் உள்ளன.

ஒலியைப் பதிவு செய்தல் இம்மலையடிவாரத்திற்குப் புதிய தொழில் அன்று. ஏற்காட்டுச் சாலையின் தொடக்கத்தில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' 1938-இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர்கள் இவர்களே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' 1956-இல் வந்ததும் இங்கிருந்துதான். முதல் பேசும் படங்களின் காலத்தில் குரலை ஒளியாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்தில் எழுதுவர். அதற்கென்று தனிக் கருவி, தனிப் பொறியாளர், இரசாயனத்தில் கழுவிப் பார்க்கும்வரை காத்திருத்தல் எல்லாம் வேண்டும். இன்று அந்நிறுவனத்தை நினைவூட்டச் சாலையோரத்தில் ஒரு முகப்பு வளைவு நிற்கிறது. அதைக் கடந்து மலையேறும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பதிவுக்கருவி இருக்கிறது. கருவி எளிதாகிவிட்டதேயன்றி, அதற்குள் ஒலியைக் கொண்டுசேர்க்கும் கணக்கு எளிதாகிவிடவில்லை.

முதலில் மிக்சர் என்பது யாது என்று பார்ப்போம். மைக் செட்காரரின் மேசைமீது வரிசை வரிசையாகத் திருகுகளும் நழுவு பொத்தான்களும் கொண்டு இருப்பதே அது. பல மைக்குகளிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்கு உயர்த்தியோ தாழ்த்தியோ ஒன்றாகக் கலந்து வெளியே அனுப்புவது அதன் வேலை. வெளியே அனுப்பும் வாயில்களுக்கு 'லைன் அவுட்' என்று பொதுப்பெயர். பெருக்கிக்குச் செல்லும் முதன்மை வாயில் ஒன்று. அதனருகே, பதிவு செய்வதற்கென்றே 'ரெக் அவுட்' என்று எழுதிய வாயில் பல மிக்சர்களில் உண்டு. 'ஆக்ஸ்' என்னும் துணை வாயிலும் இருக்கலாம்.

முதன்மை வாயிலிலிருந்து எடுப்பதில் ஓர் இடர் உண்டு. மைக் கூவத் தொடங்கினால் மைக் செட்காரர் சட்டென்று ஒலியைக் குறைப்பார். நம் பதிவும் உடன் குறையும். துணை வாயிலுக்குத் தனித் திருகுகள் உண்டு. கூட்டத்தினர் கேட்பது எப்படியிருந்தாலும் நமக்கு வேண்டிய அளவை நாம் வைத்துக்கொள்ளலாம். ஆகவே மைக் செட்காரரோடு முன்கூட்டியே நட்புக் கொள்ளுங்கள். மேசைக்கு அருகில் நம்மை அனுமதிப்பதும் விரட்டுவதும் அவர் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, ஒரு கோப்பைத் தேநீரைவிடச் சிறந்த பதிவுக்கருவி வேறில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். மைக் ஒன்று தருகின்ற மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் மில்லிவோல்ட்டில் சில மட்டுமே. மிக்சர் அதனைப் பெருக்கி வெளியே அனுப்பும்போது, தொழில்முறைக் கருவிகளில் 1.23 வோல்ட் என்பது வழக்கமான அளவு; வீட்டுக் கருவிகளிலும் பெரும்பாலான 'ரெக் அவுட்' வாயில்களிலும் 0.316 வோல்ட். இவ்வெண்கள் விசித்திரமாக உள்ளன அல்லவா? 1.23 என்பதன் பிறப்பு தொலைபேசி நிலையத்தில் நிகழ்ந்தது. பழைய தொலைபேசிக் கம்பிகளில் 600 ஓம் தடையில் ஒரு மில்லிவாட் திறன் செலவாவதை அளவுகோலாகக் கொண்டனர். 600-ஐ 0.001-ஆல் பெருக்கினால் 0.6, அதன் வர்க்கமூலம் 0.775. அந்த 0.775 வோல்ட்டுக்கு மேலே 4 டெசிபெல் என்பதுதான் 1.23 வோல்ட். தொலைபேசி வேலையாட்கள் வகுத்த கோலை ஒலித்துறை இன்னமும் ஊன்றிக்கொண்டு நடக்கிறது. கைப்பேசியில் நாம் செருகும் 3.5 மில்லிமீட்டர் செருகியும், 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையப் பெண்கள் பலகையில் மாற்றி மாற்றிச் செருகிய பெரிய செருகியின் பேரப்பிள்ளையே. சேலத்துக் கடைகளில் இதனை 'ஈ.பி. பின்' என்றும், அந்தப் பெரியதை 'பி-38' என்றும் கேட்டு வாங்கலாம்.

கைப்பேசியின் செருகுவாய் எதிர்பார்ப்பது மைக் தரும் சில மில்லிவோல்ட்டை. நாம் கொடுக்க நினைப்பதோ ஒரு வோல்ட்டுக்கு மேல். நூறு மடங்குக்கும் அதிகம்! வீட்டில் ஒருநாள் இதனைச் சோதித்துப் பார்த்தேன். கம்பியை நேரே இணைத்து ஒரு பாட்டைப் பதிந்தேன். தகரத்தில் மணலைக் கொட்டியது போன்ற ஓசையே வந்தது. அலையின் முகடுகளும் பள்ளங்களும், கைப்பேசியால் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டியதும், கத்தியால் சீவியதுபோல் மட்டமாகிவிடுகின்றன. சீவப்பட்டது சீவப்பட்டதே. பின்னர் ஒலியைக் குறைத்துக் கேட்டாலும் அறுந்த முகடு திரும்ப வளராது.

ஆகவே மின்னழுத்தத்தைத் தாழ்த்த வேண்டும். எப்படி? ஏற்காட்டு ஏரியின் மிகுநீர் கிளியூர் அருவியாக ஏறத்தாழ 300 அடி வீழ்கிறது. அதன் நேர்கீழே மழைக்காலத்தில் ஒரு குழந்தையை நிறுத்த முடியுமா? ஆனால் அவ்வீழ்ச்சியை இரண்டு படிகளாக ஆக்கி, மேற்படி 297 அடியும் கீழ்ப்படி 3 அடியுமாக அமைத்ததாகக் கற்பனை செய்யுங்கள். கீழ்ப்படியில் குழந்தை அச்சமின்றி நீராடலாம். மின்சாரத்தில் இப்படிகளைக் கட்ட இரண்டு மின்தடைகள் போதும். கடையில் 'ரெசிஸ்டன்ஸ்' என்று கேட்டால் சில காசுகளுக்குக் கொடுப்பார்கள். ஒன்று 150 கிலோ ஓம், மற்றொன்று 1.5 கிலோ ஓம். இரண்டையும் தொடராக இணைத்து, மொத்தத்தின் இரு முனைகளையும் மிக்சருக்குக் கொடுத்துவிட்டு, சிறியதன் இரு முனைகளுக்கு இடையேயுள்ள அழுத்தத்தை மட்டும் கைப்பேசிக்குக் கொடுக்க வேண்டும். 151.5-இல் 1.5 என்பது 101-இல் ஒரு பங்கு. 1.23 வோல்ட் 12 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. கைப்பேசிக்குள் ஏற்கெனவே ஏறத்தாழ 2.2 கிலோ ஓம் தடை ஒன்று இருப்பதால், அதுவும் சிறிய தடையோடு பக்க இணைப்பாகச் சேர்ந்து, உண்மையில் 7 மில்லிவோல்ட் அளவே நுழையும். ஓம் விதி படித்த மாணவர் எவரும் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

செருகியைக் கையில் எடுத்து நோக்குங்கள். அதில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு உலோகப் பகுதிகளைப் பிரித்து நிற்கும். நுனி இடக்காதுக்கு, அடுத்தது வலக்காதுக்கு, மூன்றாவது பொதுத்தரை, அடிப்பகுதி மைக்குக்கு. இன்றைய கைப்பேசிகளில் இதுவே வரிசை. சில பழைய வகைகளில் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருக்கும். இரண்டே கறுப்பு வளையமுடைய சாதாரணச் செருகியில் மைக்குக்கு இடமே இல்லை. அதனைக் கொண்டு எவ்வளவு முயன்றாலும் கைப்பேசிக்குள் ஒலி நுழையாது. நம் 1.5 கிலோ ஓம் தடை மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே அமைய வேண்டும். 150 கிலோ ஓம் தடை, மிக்சரிலிருந்து வரும் உட்கம்பிக்கும் நான்காவதற்கும் இடையே. மிக்சர்க் கம்பியின் மேற்பின்னல் மூன்றாவதற்கு. மிக்சரில் இடம், வலம் என இரண்டு வாயில்கள் இருந்து இரண்டும் வேண்டுமென்றால், இரண்டுக்கும் தனித்தனியே ஒரு 150 கிலோ ஓம் தடை இட்டு அதன்பிறகே சேர்க்க வேண்டும். இரண்டு வாயில்களையும் நேரே முறுக்கிவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தள்ளும், மிக்சருக்கு நல்லதன்று.

இவ்விடத்தில் என் இரண்டாவது தோல்வியைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு விழாவிற்குப் போகும்போது நானே பற்றவைத்த கம்பி ஒன்றைக் கொண்டு போனேன். நூற்றில் ஒன்றாகத் தாழ்த்த வேண்டும் என்பதை மட்டும் மனத்திற் கொண்டு, 22 கிலோ ஓமும் 220 ஓமும் இட்டிருந்தேன். விகிதம் சரியே. கணக்கு வாத்தியார் முழு மதிப்பெண் தருவார். கைப்பேசி தரவில்லை!

காரணம் இது. கைப்பேசி தன் மைக் முனையில் ஒரு சிறு நேர்மின்னழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கிறது. செருகப்பட்டது எது என்பதை அதனைக் கொண்டு தடவிப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கூகுள் வகுத்துள்ள விதிப்படி, அம்முனைக்கும் தரைக்கும் இடையே 1,000 ஓமுக்குக் குறையாத தடை இருந்தால்தான் அது மைக். காதணிக் கம்பியிலுள்ள பொத்தான்களும் அதே முனையில்தான் பேசுகின்றன. தடை 0 ஓம் என்றால் நிறுத்து அல்லது தொடங்கு. 135 என்றால் குரல் உதவியாளரைக் கூப்பிடு. 240 என்றால் ஒலியைக் கூட்டு. 470 என்றால் குறை. ஒரே கம்பியில் இத்தனை சைகைகளை அடக்கியிருக்கும் சாமர்த்தியத்தை நான் வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் 220 ஓமைக் கண்ட கைப்பேசி, பொத்தானை யாரோ அழுத்துகிறார் என்று கொள்ளும். அல்லது மைக்கே இல்லாத காதணி என்று கொள்ளும். என்னுடையது இரண்டாவதாகக் கொண்டது. கொண்டு, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், தன் சொந்த மைக்கைத் திறந்துகொண்டு பதிவு செய்தது. திரையில் கோடுகள் ஆடின, நானும் மகிழ்ந்திருந்தேன். மேசைமேல் துண்டின் அடியில் கிடந்த அக்கைப்பேசி பதிந்து வைத்திருந்ததெல்லாம், மைக் செட்காரர் தம் உதவியாளரோடு வாடகைப் பாக்கியைப் பற்றிப் பேசிய பேச்சு.

அன்று கற்ற பாடம் ஒன்றை உங்களுக்குத் தருகிறேன். கம்பியைச் செருகி, பதிவைத் தொடங்கி, கைப்பேசியின் உடம்பை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு கேளுங்கள். சுரண்டல் கேட்டால் அது தன் காதால் கேட்கிறது. சுரண்டல் கேளாமல், மேடையில் மைக்கைத் தட்டுவது கேட்டால் கம்பி வழியே கேட்கிறது. அரை நிமிடச் சோதனை. அதனைச் செய்யாமையால் எனக்கு ஓர் ஆண்டு போயிற்று.

இப்போது சிலர் கேட்கலாம்: "எங்கள் கைப்பேசியில் அந்தத் துளையே இல்லையே!" உண்மை. 2016-இல் வந்த ஐபோன் 7 அத்துளையை நீக்கியது. பின்னர்ப் பலரும் அவ்வழியே சென்றனர். இவர்களுக்கு யு.எஸ்.பி. வாயில்தான் வழி. லைன் அளவை நேரே வாங்கிக்கொள்ளும் சிறு யு.எஸ்.பி. ஒலிப்பெட்டிகள் கிடைக்கின்றன. மின்னலையை எண்களாக மாற்றும் வேலை அப்பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கைப்பேசி எண்களை வாங்கிச் சேமிக்கிறது. ஆண்ட்ராய்டு 5.0 வெளிவந்த 2014 முதல் இதற்கு இடமுண்டு. புதிய மிக்சர்கள் சிலவற்றில் இப்பெட்டி உள்ளேயே அமைந்திருப்பதால் ஒரு கம்பி போதும். இடமும் வலமும் தனித்தனியே பதியும். மைக் முனையிலோ ஒற்றை ஒலி மட்டுமே. செலவைப் பொருட்படுத்தாதவர் இவ்வழியே செல்வது நலம். மாணவர்களுக்கு நான் இரண்டு மின்தடைகளையே பரிந்துரைப்பேன். கற்றுக்கொள்ள அதில்தான் இடமுண்டு.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். மிக்சரின் மைக் நுழைவாயில்களில், சில வகை மைக்குகளுக்கு ஊட்டம் கொடுப்பதற்காக 48 வோல்ட் மின்னழுத்தம் வைத்திருப்பார்கள். இருட்டில் தடவி, வெளிவாயில் என்று நினைத்து நுழைவாயிலில் கம்பியைச் செருகிவிட வேண்டா.

ஒலி உள்ளே நுழைந்துவிட்டது. இனி என்ன நிகழ்கிறது? கைப்பேசி ஒரு விநாடியில் 48,000 முறை அலையின் உயரத்தை அளக்கிறது. மனிதச் செவி கேட்கும் உச்ச அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 20,000. அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் அலையை முழுதும் மீட்டுவிடலாம் என்பது கணித விதி. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது. இதற்கு 2 பைட் இடம் வேண்டும். விநாடிக்கு 96,000 பைட். 2 மணி நேரத்திற்கு 691 மெகாபைட். சுருக்கிச் சேமிக்கும் முறைகள் இடத்தை மிச்சப்படுத்தும்; ஆயின் ஒரே ஒருமுறை கிடைக்கும் பாட்டைச் சுருக்காமல் வைப்பதே என் விருப்பம்.

பதிவு மானியைப் பார்த்து அளவை வைக்கும்போது, உரத்த இடம் முழு எல்லையில் நாலில் ஒரு பங்கை, அதாவது 12 டெசிபெல் கீழே, தொடுமாறு வையுங்கள். தாழ்வாக இருக்கிறதே என்று தோன்றும். பாடுபவர் கதையில் போர் வரும் இடத்தில் குரலை எவ்வளவு உயர்த்துவார் என்பது உங்களுக்கு முன்கூட்டித் தெரியுமா? அந்த இடைவெளி அவருக்கானது.

கைப்பேசிக்கு உதவி செய்யும் ஆசை மிகுதி. குரல் தாழ்ந்தால் தானே உயர்த்தும். உயர்ந்தால் தானே தாழ்த்தும். இடைவிடாது ஒலிப்பதை இரைச்சல் என்று நீக்கவும் பார்க்கும். தொலைபேசிப் பேச்சுக்கு இவையெல்லாம் நன்மையே. பாட்டுக்கோ பெருங்கேடு. பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவேளைகளில் இரைச்சல் பொங்கி எழும். விடாது ஒலிக்கும் சுருதி தேய்ந்து மறையும். ஆகவே இவ்வுதவிகளை அணைத்துவிடும் வசதியுள்ள பதிவுச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்மை செய்யாத ஒலியை அப்படியே பெறும் வழியை ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பு 2016-இல் திறந்துவிட்டது; ஆயினும் எல்லாக் கைப்பேசிகளும் அதற்கு இணங்குவதில்லை. முன்னாள் மாலையே சோதித்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, உறுமல். கைப்பேசியை மின்னேற்றியில் செருகியபடியே மிக்சரோடும் இணைத்தால், இரண்டும் வெவ்வேறு வழியாகத் தரையைத் தொட்டு, இடையே ஒரு வளையம் உண்டாகும். அதில் 50 அதிர்வுள்ள மின்சார உறுமல் புகும். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு நிறைந்த மின்கலத்தோடு பதிவு செய்தால் பெரும்பாலும் உறுமல் நின்றுவிடும். மற்றொன்று, கைப்பேசியின் வானலையே. பழைய இரண்டாந் தலைமுறைத் தொடர்பில் அது விநாடிக்கு 217 முறை துடித்துத் துடித்து அலை அனுப்பும். அத்துடிப்பு ஒலிக்கம்பியில் ஏறி வண்டு இரைவதுபோற் கேட்கும். மலையில் கோபுரம் தொலைவில் இருப்பதால் கைப்பேசி தன் முழு வலிமையோடு கூவ வேண்டியுள்ளது; வண்டும் பெரிதாகிறது. விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். பாட்டின் நடுவே வீட்டிலிருந்து அழைப்பு வந்து பதிவு அறுவதற்கும் அதுவே மருந்து.

மூன்றாம் ஆண்டில், 150-உம் 1.5-உம் இட்ட கம்பியோடு போனேன். பெரியவர் மெலிந்திருந்தார். சென்ற ஆண்டுபோல் 2 மணி நேரம் இயலாது, இயன்றவரை பாடுவேன் என்றார். பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டேன். முந்திய இரண்டு ஆண்டுகளும் கேட்காமலே பதிந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதிவு தோற்றது ஒருவகையில் நல்லதாயிற்று. பிரதி ஒன்று ஊரில் இருக்க வேண்டும், விற்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தனர். ஒப்புக்கொண்டேன்.

கைப்பேசியைச் சுரண்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. மேடை மைக்கைத் தட்டச் சொன்னேன், கேட்டது. பாட்டுத் தொடங்கியது. காதணியில் கேட்டபோது, மூச்சை உள்ளிழுப்பதும் உதடு பிரிவதுங்கூடத் தெரிந்தன. ஆனால் மேளத்தைக் காணோம்! சற்றே திகைத்துப் போனேன். பிறகுதான் விளங்கியது: மேளம் தானே உரக்க ஒலிப்பதால் அதற்கு மைக் செட்காரர் மைக் வைக்கவில்லை. மிக்சருக்கு, தன்னிடம் வந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாது. கூட்டத்திற்குக் கேட்பதெல்லாம் கம்பியிலும் இருக்கும் என்று எண்ணுவது நாம் எல்லோரும் செய்யும் பிழை. உடன்வந்த நண்பரின் கைப்பேசியை வாங்கி மேளக்காரர் அருகில் வைத்தேன். பாட்டு நிற்கும் இடத்தில் மேளக்காரரை மைக்குக்கு அருகே ஒருமுறை கை தட்டச் சொன்னேன். இரண்டு பதிவுகளிலும் அத்தட்டு கூர்முனையாகத் தெரியும். அதனை வைத்துப் பின்னர் இரண்டையும் பொருத்திவிடலாம். முடிவிலும் ஒரு தட்டு வேண்டும். ஏனெனில் இரண்டு கைப்பேசிகளின் கடிகாரங்கள் நூறாயிரத்தில் இரண்டு பங்கு வேறுபட்டாலும், 2 மணி நேரத்தில் 0.14 விநாடி விலகிவிடும். தாளம் பிசகிக் கேட்கும்.

50 நிமிடம் பாடினார். மறுநாள் காலை, இரண்டு பதிவுகளையும் பொருத்தி, அவர் வீட்டுத் திண்ணையில் காதணியை மாட்டிக் கேட்கச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பேத்தி எதிரே அமர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் போனதும் திடீரெனக் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"இங்க ஒரு அடி விட்டுட்டேன், தம்பி. அண்ணன்காரன் ஆத்தைத் தாண்டறதுக்கு முந்தி ஒரு அடி இருக்குது. இப்படியே விட்டா அவன் ஆத்துக்கு எப்படி வந்தான்னு யாருக்கும் தெரியாது. அந்த வயரை எடு, மறுபடியும் பாடறேன்" என்றார்.

"இங்கே மைக் செட் இல்லையே, ஐயா" என்றேன்.

"அப்ப இவகிட்ட சொல்றேன். நீ அந்த மிஷினைப் பக்கத்துல வெச்சுக்க" என்று பேத்தியின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அந்த அடியைப் பாடத் தொடங்கினார். வயர் இல்லை, மிக்சர் இல்லை. திண்ணையில் காற்றும் இல்லை. கைப்பேசியை அவர் வாயருகே ஒரு சாண் தொலைவில் பிடித்துக்கொண்டேன்.